மச்சான் கொண்டுவந்த வாக்கி டாக்கியைத் தோட்டத்தில் பயன்படுத்தலாமா?

கேள்வி: ஏற்காடு பக்கம் எங்களுக்குக் காபியும் மிளகுமாக ஒரு தோட்டம். நடுவில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் சரிவு. கீழ்ச்சரிவில் போன் டவரே எடுக்காது. காட்டெருமை இறங்கிவிட்டது என்று பறிக்கிறவர்களுக்குச் சொல்லக்கூட ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் நான்கு வாக்கி டாக்கி கொண்டுவந்து கொடுத்தார், 22 சேனல், அட்டைப்பெட்டியில் 35 மைல் என்று போட்டிருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய 5 வாட் செட் ஒன்றும் இருக்கிறது. எப்படி செட் பண்ணுவது? காதோரம் வைத்துப் பேசினால் ஆபத்தா? அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, அவர் கையில் கொடுக்கலாமா?

பதில்: முதலில் ஒரு கெட்ட செய்தி. ஐந்து செட்டையும் இப்போதைக்கு பேட்டரியைக் கழற்றி எடுத்து வையுங்கள்.

22 சேனல் என்று நீங்கள் எழுதியதுமே தெரிந்துவிட்டது, அது அமெரிக்காவில் குடும்பத்தார் தங்களுக்குள் பேசிக்கொள்ள விடப்பட்டிருக்கும் வகை. 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும். அங்கே அதற்கு லைசென்ஸ் தேவையில்லை, யாரும் கடையில் வாங்கிப் பேசலாம். ஆனால் அலைவரிசை ஒதுக்கீடு நாட்டுக்கு நாடு வேறு. இங்கே அந்த அலைவரிசை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படவில்லை, வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கலாம். உங்கள் தோட்டத்தில் நீங்கள் பட்டனை அழுத்துவது அவர்களுக்கு இடைஞ்சல். மச்சான் நல்ல மனதோடுதான் கொண்டுவந்திருப்பார், அதைக் குறை சொல்லவில்லை.

இந்தியாவில் இந்த மாதிரி வாக்கி டாக்கிக்கு லைசென்ஸ் இல்லாமல் பேசலாம் என்று விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னத் துண்டு மட்டும்தான். 2018-ல் வந்த குறைந்த சக்தி ரேடியோ விதிகளில் இந்த விலக்கு இருக்கிறது. ஐரோப்பாவில் ரொம்ப நாளாக இருக்கும் பி.எம்.ஆர். 446 என்ற வகையும் இதே இடத்தில்தான், அதில் அரை வாட் சக்தி, ஆன்டெனா கழற்ற முடியாதபடி செட்டோடு சேர்ந்தே இருக்கும். லைசென்ஸ் வேண்டாம் என்றாலும் அந்த மாடலுக்கு ஈ.டி.ஏ. என்கிற மத்திய அரசின் கருவி ஒப்புதல் இருக்க வேண்டும். பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ அலைவரிசையும் ஒப்புதல் எண்ணும் கண்ணில் படவில்லை என்றால் வாங்காதீர்கள். கண்டபடி ஆன்லைனில் விற்றார்கள் என்றுதான் 2025-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே தனி வழிகாட்டுதல் போட்டது, எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேண்டுமா என்பதை விற்பவரே சொல்லியாக வேண்டும் என்று.

அந்த 5 வாட் செட் பற்றி அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் 446-க்கு மாற்றிவிடலாமே, பவரையும் குறைத்துவிடலாமே என்பீர்கள். மாற்ற முடியும், யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அலைவரிசையை மாற்றியதால் அந்தக் கருவிக்கு ஒப்புதல் வந்துவிடாது. மெனுவில் விரல் பட்டால் போலீஸ் பேசும் இடத்துக்கும் போய்விடுகிற செட்டை வேலையாட்கள் கையில் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஹாம் ரேடியோ, அதாவது ஆர்வத்துக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கான லைசென்ஸ், அதை எடுக்கலாமா என்றால், பரீட்சை எழுதி எடுக்கலாம், 12 வயது நிரம்பியவர் யாரும் எழுதலாம், நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, காபி பறிப்பும் தொழில்தான். கூடுதல் சக்தி கட்டாயம் வேண்டும் என்றால் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவில் விண்ணப்பித்து, அலைவரிசை ஒதுக்கீடும் லைசென்ஸும் வாங்க வேண்டும். பெரிய எஸ்டேட்டுகளுக்கு அது சரிப்படும். உங்களுக்கு அரை வாட் செட் நான்கு போதும் என்பது என் கணிப்பு. ஏன் போதும் என்று சொல்கிறேன்.

35 மைல் என்பது பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரு மலை உச்சியில் ஒருவர், அடுத்த மலை உச்சியில் இன்னொருவர், நடுவில் ஒன்றுமே இல்லை என்றால் எட்டும். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிற சாதி. சமதரையில் நிற்கும் ஆளுக்குத் தொடுவானமே சுமார் நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. உங்கள் தோட்டத்திலோ சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக்கொடி, கீழே காபிச்செடி என்று மூன்றடுக்குப் பச்சை, மழை பெய்து இலையெல்லாம் நனைந்துவிட்டால் அது அலையை இன்னும் உறிஞ்சும். ஒரு சரிவுக்குள்ளே ஒரு கிலோமீட்டர் தெளிவாகக் கேட்டால் சந்தோஷப்படுங்கள். நடுமேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் பேச வேண்டும் என்றால் அரை வாட்டும் தடுமாறும், 5 வாட்டும் தடுமாறும். சக்தியைப் பத்து மடங்காக்கினால் வெட்டவெளியிலேயே தூரம் மூன்று மடங்குதான் கூடும், குறுக்கே மண்மேடு என்றால் அதுவும் கிடையாது.

அதனால் காசு செலவில்லாத வழி, மேட்டின் மேல் ஒரு ஆள். அந்த இடத்தில் உங்கள் காவல் கொட்டகையோ காபி உலர்த்தும் களமோ இருந்தால் ஒரு செட்டை அங்கேயே வைத்துவிடுங்கள். கீழ்ச்சரிவுக்காரர் சொல்வதைக் கேட்டு அவர் மறுபக்கம் சொல்லுவார். நடுவில் ஆள் இருந்தால் தாமதம்தானே என்பீர்கள், இப்போது ஆள் நடந்து போவதைவிட வேகம்தான். அப்புறம் ஒன்று, ஒரு இடத்தில் கரகரவென்று கேட்டால் உடனே செட் சரியில்லை என்று முடிவு கட்டாமல் இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். அலை பல வழியில் வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடங்கள் இருக்கும், இந்த அலையின் நீளமே 67 சென்டிமீட்டர்தான், ஒரு எட்டு நகர்ந்தாலே பல நேரம் தெளிந்துவிடும்.

இனி செட் பண்ணும் விஷயம். புது செட் வந்ததும் முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள், கூட வந்த சார்ஜரிலேயே. நான்கையும் ஒரே அறையில் வைத்து ஒருவர் பட்டனை அழுத்தினால் ஊளையிடும், அது பழுது இல்லை, ஒன்றின் மைக் இன்னொன்றின் ஸ்பீக்கரைப் பிடிக்கிறது, வாசலுக்குப் போய்ப் பேசிப் பாருங்கள். இந்த 446-ல் 16 சேனல் இருக்கும், பழைய மாடல் என்றால் 8. முதல் சேனலில்தான் பெரும்பாலும் எல்லாரும் விழுவார்கள், ஏழோ பதினொன்றோ எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் சும்மா கேட்டுப் பார்த்துவிட்டு. நான்கிலும் சேனல் ஒன்றாக இருந்தும் கேட்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை காரணம் சப்-கோடு. சி.டி.சி.எஸ்.எஸ். என்று மெனுவில் இருக்கும், பேச்சோடு சேர்த்து காதுக்குக் கேட்காத ஒரு மெல்லிய ஒலியை அனுப்பும், அதே ஒலி வந்தால்தான் எதிர் செட் வாயைத் திறக்கும். ஒரு செட்டில் 5, இன்னொன்றில் 6 என்றிருந்தால் விளக்கு எரியும், சத்தம் வராது. நான்கிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

இதை விற்பவர்கள் ‘பிரைவசி கோடு’ என்று விற்கிறார்கள், அதை நம்பிவிடாதீர்கள். மற்றவர்கள் பேச்சு உங்கள் காதில் விழாமல் இருக்கத்தான் அது. உங்கள் பேச்சை அதே சேனலில் கோடு போடாமல் வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். சம்பளப் பணத்தோடு யார் எப்போது வருகிறார்கள், பங்களாவில் யாரும் இல்லை என்பதையெல்லாம் செட்டில் பேச வேண்டாம்.

ஸ்குவெல்ச் என்று ஒன்று இருக்கும், சும்மா இருக்கும்போது வரும் இரைச்சலை அடக்குவது. இரைச்சல் தொந்தரவு என்று அதை உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் தூரத்திலிருந்து வரும் மெலிந்த குரலையும் சேர்த்து அடக்கிவிடும், இரைச்சல் நிற்கிற அளவு மட்டும் போதும். வாக்ஸ், அதாவது பேசினால் தானாகவே ஒலிபரப்பும் வசதி, அதைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். மருந்தடிக்கும் மோட்டார் சத்தத்துக்கெல்லாம் தானாகத் திறந்துகொண்டு சேனலையே அடைத்துவிடும். கடைசியாக கீ லாக்கைப் போட்டுக் கொடுங்கள், இடுப்பில் மாட்டிக் குனிந்து நிமிரும்போது சேனல் மாறிப்போவதுதான் தோட்டங்களில் நான் அதிகம் கேட்கும் புகார்.

பேசும் முறையையும் வேலையாட்களை நிற்க வைத்து ஒரு தடவை காட்டிவிடுங்கள். பட்டனை அழுத்தி, ஒரு வினாடி விட்டு, பிறகு பேச்சு. அழுத்தும்போதே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும், ‘போகாதே’ என்பதில் முதல் பாதி போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், முடித்ததும் ‘ஓவர்’ சொல்லிவிட்டு விரலை எடுக்க வேண்டும். ஆள் பெயரைவிட இடப் பெயர் வசதி: ‘களம், களம், கீழ்க்காடு பேசுறேன்’ என்று கூப்பிடப்படுகிறவர் முதலில், தான் அடுத்து. காட்டெருமைக்கு என்று ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்து, அது கேட்டால் மற்ற எல்லாரும் பேச்சை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். செட் கையில் இருக்கிறது என்பதற்காக ஆம்புலன்ஸுக்கோ போலீஸுக்கோ தகவல் போய்விடாது, இந்தச் சேனலை அவர்கள் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மேட்டில் இருப்பவர் டவர் எடுக்கும் இடத்தில் போனோடு இருந்து 112-ஐக் கூப்பிட வேண்டும்.

காதோரம் வைத்தால் ஆபத்தா என்றால், காதோரம் வைக்கவே வேண்டாம், இது போன் இல்லை. முகத்துக்கு முன்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளியில், ஆன்டெனா வானத்தைப் பார்த்து நிற்கிற மாதிரி பிடித்துக்கொண்டு சாதாரணக் குரலில் பேசுங்கள். கேட்கும் குரல் தெளிவாக இருப்பதற்கும் அதுதான் சரியான பிடி. இந்த அலை எக்ஸ்-ரே மாதிரி செல்லைக் குலைக்கும் வகை அல்ல, அளவு மீறினால் திசுவைச் சூடாக்கும், அவ்வளவுதான். அந்தச் சூடும் பட்டனை அழுத்திப் பேசும்போது மட்டும்தான், கேட்டுக்கொண்டிருக்கும்போது கிடையாது. வாட் அதிகமான தொழில்முறை செட்டுகளுக்கே பாதி நேரத்துக்கு மேல் ஒலிபரப்பாமல், முகத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டராவது தள்ளி என்றுதான் கையேடுகள் சொல்கின்றன. அரை வாட்டுக்கு அந்த இடைவெளி தாராளம். ஆன்டெனாவின் ரப்பர் உறை கிழிந்து உள்ளே கம்பி தெரிந்தால் மட்டும் அந்த செட்டை ஒதுக்கிவிடுங்கள், அது தோலில் படும்போது பட்டனை அழுத்தினால் சுடும்.

அப்பா பேசலாம். ஆனால் இதய மருத்துவரிடம் பேஸ்மேக்கரின் மாடலைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி, இந்த மாதிரி சின்ன செட்டுக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர், 5 வாட் மாதிரியானதற்கு 30. சட்டைப் பையில் போடக் கூடாது, கழுத்தில் மாலை மாதிரித் தொங்கவிடவே கூடாது. பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது நெஞ்சில் இருக்கும், அப்படியென்றால் வலது கையில் பிடிக்கட்டும், வலது இடுப்பில் மாட்டட்டும். பேசும்போது தலைசுற்றலோ படபடப்போ வந்தால் செட்டைத் தள்ளி வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அவரை மேட்டுக் கொட்டகையில் உட்கார வைத்து, செட்டை மேசைமேல் வைத்துப் பேசச் சொன்னால் இந்தக் கவலையே வேண்டாம்.

அலையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, எனக்குத் தெரிந்து காயம் படுவது அதில்தான். லித்தியம் பேட்டரியைத் தனியாகக் கழற்றி சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையில் போட்டால் முனைகள் இரண்டும் இணைந்து கொதித்துவிடும். ஜீப்பின் டேஷ்போர்டில் வெயிலில் விடுவது, ஈரக் கையோடு சார்ஜ் போடுவது, உப்பிப்போன பேட்டரியை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று அழுத்தி மூடுவது, எல்லாமே வேண்டாத வேலை. பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கும்போதும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும்போதும் செட் அணைந்திருக்கட்டும். பக்கத்தில் கல் குவாரியில் வெடி வைப்பார்கள் என்றால் அந்தப் பக்கம் போகும்போதே அணைத்துவிடச் சொல்லுங்கள், மின்சாரத்தால் வெடிக்கும் டெட்டனேட்டர் பக்கத்தில் ரேடியோ அலைக்கு இடமில்லை, அங்கே எச்சரிக்கைப் பலகையே இருக்கும். மிளகு பறிக்க ஏணியில் ஏறியவர் ஏணி மேல் நின்று ஒரு கையால் பேசக் கூடாது, கூப்பிட்டால் கூப்பிட்டபடி இருக்கட்டும், இறங்கிவந்து பதில் சொல்லலாம்.

இடி மின்னல் நேரத்தில் செட் மின்னலை இழுக்கும் என்று ஒரு பயம் உண்டு, அந்தச் சின்ன ஆன்டெனா எதையும் இழுக்காது. ஆனால் மேட்டின் உச்சியிலும் தனி மரத்தடியிலும் நிற்கிற ஆளுக்கு மின்னல் ஆபத்து நிஜம், சிக்னல் நன்றாக எடுக்கிறது என்று அவர் அங்கேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது, இடி கேட்டால் பேச்சை விட்டுவிட்டு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். சாதாரண மழைக்கு என்ன செய்வது என்றால், வாங்கும்போதே தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐ.பி. எண் 54 அல்லது அதற்கு மேல் பார்த்து வாங்குங்கள், சாரலைத் தாங்கும். தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால் தாங்காது. விழுந்துவிட்டால் ஆன் ஆகிறதா என்று அழுத்திப் பார்க்காமல் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், நிழலில் நன்றாகக் காயவிட்டு அப்புறம் பாருங்கள்.