சோப்பு போட்டதும் கறை நீலமாகிவிட்டதே!

கேள்வி: விருந்தில் கணவரின் வெள்ளைக் காட்டன் சட்டையில் ரெட் ஒயின் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சலவை சோப்பு போட்டுத் தேய்த்தேன். சிவப்பாக இருந்த கறை சாம்பல் கலந்த நீலமாகிவிட்டது. இனி போகுமா? – புதுச்சேரி வாசகி

பதில்: இஸ்திரி போடாதவரை நம்பிக்கை உண்டு. ஒயினுக்கு நிறம் கொடுப்பது திராட்சைத் தோலில் உள்ள ஆந்தோசயனின். புளிப்பில் சிவப்பாக இருக்கும் இந்தச் சாயம், காரம் பட்டால் நீலமாகும். சலவை சோப்பு காரம். மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான். நிறம் மாறியதால் கெடுதல் இல்லை; தேய்த்ததுதான் தப்பு. ஒற்றி எடுத்திருந்தால் மேலோடு போயிருக்கும், தேய்த்ததில் நூலுக்குள் இறங்கிவிட்டது.

முதலில் பச்சைத் தண்ணீரில் சோப்பு போக அலசுங்கள். மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். பாட்டிலில் 6 சதவீதம் (20 வால்யூம்) என்றிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். அதில் 2 ஸ்பூனுக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் 1 ஸ்பூன். கலந்ததும் பயன்படுத்திவிட வேண்டும். மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் உப்பும். கறைக்கு அடியில் பழைய வெள்ளைத் துண்டை மடித்து வைத்து, மேலே ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். காயக் கூடாது, காய்ந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். கையில் உறை போட்டுக்கொள்வது நல்லது.

அலசிய பிறகும் பழுப்பாக நிழல் தெரிந்தால் அது டானின், டீக் கறையில் இருக்கும் அதே சரக்கு. ஆக்சிஜன் ப்ளீச் பவுடரை (குளோரின் இல்லாத ப்ளீச்) பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சட்டையை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். ஈரத்தில் கறை கண்ணுக்குத் தப்பும். நிழலில் உலர்த்திப் பார்த்து, சுத்தமாகப் போன பிறகே இஸ்திரி. சாயம் போட்ட சட்டை என்றால் உள் தையலில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் பெராக்சைடைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஜரிகை போட்ட பட்டுப் புடவையில் ஒயின் தெறித்துவிட்டால்? – கோவை வாசகி

பதில்: மேலே சொன்ன எதுவும் பட்டுக்கு ஆகாது. பட்டு புரதம். ஆக்சிஜன் ப்ளீச் பவுடரின் காரம் அதன் பளபளப்பைக் கெடுக்கும். குளோரின் ப்ளீச் இழையையே அரித்துவிடும். ஜரிகையில் பெராக்சைடு பட்டால் கறுக்கலாம். வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மறுபடி ஒற்றுங்கள். அதோடு நிறுத்திவிட்டு ஓரிரு நாளுக்குள் டிரை கிளீனிங் கொடுத்துவிடுங்கள். இடத்தைக் காட்டி, ‘ஒயின்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஜூஸ் என்று சொல்பவர்கள் உண்டு; ஜூஸ் என்றாலும் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் கொடுப்பதுதான் ஆபத்து. காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை, இஸ்திரிச் சூட்டில் மஞ்சளாக எழும்பும்.

கேள்வி: சிவப்பு ஒயின் கறைக்கு வெள்ளை ஒயின் ஊற்றினால் போகும் என்கிறார்களே? உப்பு, எலுமிச்சை? – சென்னை வாசகர்

பதில்: வெள்ளை ஒயின் கறையை நீர்க்கச் செய்யும், அவ்வளவுதான். அதைத் தண்ணீரே செய்யும், காசும் மிச்சம். உப்பு ஈரத்தை உறிஞ்சும். கொட்டிய உடனே அள்ளிப் போட்டு, பத்து நிமிடத்தில் தட்டிவிட்டு அலசுங்கள். காய்ந்த கறையில் உப்புக்கு வேலையில்லை. எலுமிச்சை பட்டால் நீலக் கறை மறுபடி சிவக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் எலுமிச்சை, வினிகர் எதையும் குளோரின் ப்ளீச்சோடு கலக்காதீர்கள். கிளம்புவது விஷ வாயு.

கேள்வி: பையனின் வெள்ளை யூனிஃபார்மில் நாவல் பழக் கறை. இதற்கும் இதே வைத்தியமா? – மதுரை வாசகி

பதில்: அதேதான். நாவல் பழத்திலும் ஆந்தோசயனினும் டானினும் உண்டு. பெரும்பாலான யூனிஃபார்ம்களில் பாலியஸ்டர் கலந்திருப்பதால் காட்டனைவிடச் சீக்கிரம் விட்டுவிடும். பாக்கெட்டில் தைத்த பள்ளி பேட்ஜில் மட்டும் கலவை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.