தானாகத் திறக்கும் புரோகிராம்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் 10 கணினியை ஆன் செய்ததும் ஏழெட்டு புரோகிராம்கள் தாமாகவே திறக்கின்றன. அன்இன்ஸ்டால் செய்யாமல் நிறுத்த முடியுமா?

பதில்: தாராளமாக. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சின்ன ஜன்னலாக வந்தால் கீழே ‘மோர் டீடெயில்ஸ்’ கிளிக் செய்து, ‘ஸ்டார்ட்அப்’ டேபுக்குப் போங்கள். வேண்டாத பெயரில் ரைட் கிளிக் செய்து ‘டிஸேபிள்’ கொடுத்தால் போதும். புரோகிராம் அழியாது.

எதை முதலில் நிறுத்துவது? ‘ஸ்டார்ட்அப் இம்பாக்ட்’ பகுதியில் ‘ஹை’ என்றிருப்பதை. தொடங்கும்போது சிபியு (பிராசஸர்) நேரத்தில் 1 விநாடிக்கு மேல் விழுங்குபவை, அல்லது டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதுபவை அவை. பாட்டு, அரட்டை, அப்டேட்டர் வகையறாக்களை யோசிக்காமல் நிறுத்தலாம். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டவற்றில் கை வைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பகமான ஒன்டிரைவை நிறுத்தினால், நீங்களாகத் திறக்கும்வரை ஃபைல்கள் அதனுடன் சிங்க் ஆகாது. அதற்குச் சம்மதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஸேபிள் செய்த பிறகும் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறதே?

பதில்: முதலில் அந்தப் புரோகிராமின் செட்டிங்ஸிலேயே தானாகத் தொடங்கும் டிக்கை எடுங்கள். அது இருக்கும்வரை சில புரோகிராம்கள் பட்டியலில் தம்மை மறுபடி சேர்த்துக்கொள்ளும். அப்படியும் வந்தால் வேலைகளைத் தானாக இயக்கும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, ‘டிரிக்கர்ஸ்’ பகுதியில் ‘அட் லாக் ஆன்’ என்றிருக்கும் வரிகளில் தேடுங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியல் இவற்றைக் காட்டாது. ஷட்டவுன் செய்தபோது திறந்திருந்தவையே திரும்ப வருகின்றன என்றால் விஷயம் வேறு: செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ரீஸ்டார்ட் ஆப்ஸ்’ சுவிட்சை அணைத்துவிடுங்கள்.