கரிசல் மண் முன்வாசலில் செயற்கைப் புல்: கடன் வாங்கிப் போடலாமா?

கேள்வி: திருமங்கலத்திற்கு அருகே கரிசல் நிலத்தில் ஐந்தாண்டுகளுக்கு முன் வீடு கட்டினோம். 600 சதுர அடி முன்வாசலில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தண்ணீர் இரண்டு மூன்று நாள் வடியாமல் நின்று சேறாகிவிடுகிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடியின் மழைக்குழாய்களும் அங்கேதான் விழுகின்றன. செயற்கைப் புல்விரிப்பு போட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும் என்று சொல்லி, விரிப்புக்கு 72,000 ரூபாய், எம்-சாண்ட் பரப்பி ஒட்டுவதற்கு 48,000 ரூபாய் என்று ஒருவர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். 14 சதவீத வட்டியில் மூன்றாண்டுத் தனிநபர் கடன் கிடைக்கும். வைப்பு நிதியில் 2,00,000 ரூபாய் இருந்தாலும் அதை அவசரத் தேவைக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். கடன் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வட்டி மட்டும் அதற்குக் காரணம் அன்று. நீங்கள் வாங்கப் போகும் பொருள் உங்கள் சிக்கலைத் தீர்க்கும் பொருளே அன்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1,20,000 ரூபாயை 14 சதவீதத்தில் 36 மாதங்களுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 4,100 ரூபாய் வரும். முடிவில் கட்டியிருக்கும் தொகை ஏறத்தாழ 1,47,600 ரூபாய். கடன் ஆய்வுக் கட்டணம் தனி. இந்தத் தொகைக்கு நீங்கள் பெறுவது, மதுரை வெயிலில் நாள் முழுவதும் காய்ந்து ஆண்டுக்கு ஆண்டு நைந்துபோகும் ஒரு நெகிழிப் பொருள். நாளை வீட்டை விற்க நேர்ந்தாலும் அதற்கென்று யாரும் கூடுதல் விலை தரப்போவதில்லை.

இனி தண்ணீருக்கு வருகிறேன். புல்விரிப்பின் அடிப்பாகத்தில் சிறு துளைகள் இருப்பதும், அவற்றின் வழியே தண்ணீர் இறங்குவதும் உண்மைதான். ஆனால் இறங்கிய தண்ணீர் போய் நிற்கும் இடம் அதே கரிசல் மண். களிமண் ஒரு மணி நேரத்திற்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரை மட்டுமே உள்வாங்கும் என்பதால், ஒரே மாலையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது இறங்கக் குறைந்தது பத்து மணி நேரமும், மண் இறுக்கமாக இருந்தால் இரண்டு நாளும் ஆகும். மேலே பச்சையாகத் தெரியும், அடியில் சேறு நாறும்.

அந்த 5 சென்டிமீட்டர் மழையில் உங்கள் முன்வாசலில் நேரடியாக விழுவது சுமார் 2,800 லிட்டர். மொட்டைமாடியிலிருந்து குழாய் வழியே வந்து சேர்வது சுமார் 4,600 லிட்டர். அதாவது உங்கள் தொல்லையில் பெரும்பங்கு மாடியிலிருந்து வருகிறது. அந்தக் குழாய்களை வடிகட்டித் தொட்டி வழியாகத் தரைத்தொட்டிக்குத் திருப்புவதே முதல் வேலை. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீடாக இருந்தால் அந்தச் செலவிலும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், உங்கள் வீட்டு வரைபடத்திலேயே இதற்கான இடம் காட்டப்பட்டிருக்கக்கூடும், எடுத்துப் பாருங்கள். கரிசலில் வெறும் உறிஞ்சுகுழி தோண்டினால் அது குளமாகத்தான் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது வாட்டம். சுவரிலிருந்து தெருப் பக்கமாக 100 அடிக்கு ஓர் அடி சரிவு, அதாவது 30 அடி நீளத்திற்கு மூன்றரை அங்குலத்திற்குச் சற்று மேல், குறைந்தபட்சம் வேண்டும். நம் பகுதியில் வழக்கமாகச் செய்வதுபோல் கிராவல் கொட்டி அரை அடி உயர்த்துவதானால் 300 கன அடி, அதாவது 3 யூனிட் கணக்காகிறது; இடித்து இறுக்கும்போது அமுங்கும் என்பதால் 4 யூனிட்டுக்கு விலை கேளுங்கள். சிலர் ஆறு அங்குலம் தோண்டி ஜல்லி நிரப்பினால் போதும் என்பார்கள். வெளியேற்றும் குழாய் இல்லாத ஜல்லிப் படுகை, மறுகால் இல்லாத கண்மாய்தான். நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும்? துளையிட்ட பிவிசி குழாயைப் படுகையின் அடியில் பதித்துத் தெரு வடிகால் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு.

உங்களிடம் உள்ள மதிப்பீட்டில் வாட்டம், குழாய், வெளியேறும் வழி ஆகிய மூன்றுக்கும் ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். (கோலம் போட இடம் விட்டிருக்கிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள், வீட்டில் பிறகு அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.)

வடிகாலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அடித்தளத்தை ஒட்டி ஆண்டுதோறும் தண்ணீர் நின்றால் சுவரில் விரிசல் விழக்கூடும். அதைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் புல்விரிப்பின் விலை சிறியது.

பணத்திற்கு வழி இதுதான். வைப்பு நிதியைத் தொட வேண்டாம் என்ற உங்கள் எண்ணம் சரி. கடன் தவணையாகக் கட்ட நினைத்த 4,100 ரூபாயை இம்மாதமே தொடர் வைப்பில் போடத் தொடங்குங்கள்; 12 மாதங்களில் வட்டி நீங்கலாகவே 49,200 ரூபாய் சேரும். குழாய் திருப்பும் வேலை சிறியது என்பதால் அதை மாதச் சம்பளத்திலேயே இந்த ஐப்பசிக்குள் முடித்துவிடலாம். கிராவலும் வாட்டமும் அடுத்த கோடையில், மண் காய்ந்திருக்கும்போது செய்யலாம். அதற்கு முன், ஓரடி ஆழக் குழி ஒன்று தோண்டித் தண்ணீர் ஊற்றி, அது வடிந்தபின் மறுபடி நிரப்பி, மறுநாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ சொல்லுங்கள்.

அதன்பின் ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்து, தண்ணீர் நிற்கவில்லை என்று கண்ட பிறகும் பச்சை வேண்டும் என்று தோன்றினால், நிழல் விழும் பக்கத்தில் 100 சதுர அடிக்கு மட்டும் கைக்காசில் போட்டுக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் செயற்கைப் புல் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதால், வெயில் படும் மீதி இடத்திற்கு அது எப்படியும் உதவாது.