மற்றப் படகுகள்

அன்புள்ள ஐயா,

கடந்த தவக்காலத்திலிருந்து தினமும் காலை 5 மணிக்கு எழுந்து அன்றைய நற்செய்தியை வாசித்துப் பத்து நிமிடம் சிந்திக்கிறேன். ஒரு நோட்டில் ‘இன்றைய பாடம்’, ‘இன்றைய தீர்மானம்’ என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுவேன். முதலில் நன்றாக வந்தது. இப்போது பதினோரு நாளாகக் கட்டம் காலி. வாட்ஸ்அப்பில் வரும் சிந்தனைகளைப் பார்த்து எழுத மனம் வரவில்லை. வருடாவருடம் அதே பகுதிகள் வருவதும் சலிப்பாக இருக்கிறது. நேரம் வீணாகிறதோ என்று தோன்றுகிறது. நல்ல தியான நூல் ஒன்று சொல்லுங்கள். எந்த மொழிபெயர்ப்பை வாசிக்கலாம்? அம்மா பக்கவாதத்தில் படுத்து ஏழு மாதம் ஆகிறது. அவருக்காகச் செபிக்க உட்கார்ந்தாலும் வார்த்தை வருவதில்லை.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

மொழிபெயர்ப்பு எதுவானாலும் சரி. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு வீட்டில் இருந்தால் அதையே வாசியுங்கள். தியான நூல் எதையும் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கு இப்போது வேண்டாம்.

வருடாவருடம் அதே பகுதி என்கிறீர்கள். வார நாள் நற்செய்தியை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். எந்த நாள் பூசையில் எதை வாசிப்பது என்று 1969-இல் வந்த வாசக ஒழுங்கில் வார நாள்களின் முதல் வாசகம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும், நற்செய்தி ஆண்டுதோறும் அதுவேதான். தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் போக மீதி நாள்கள்தான் பொதுக்காலம். அதன் முதல் ஒன்பது வாரம் மாற்கு, இருபத்தொன்றாம் வாரம் வரை மத்தேயு, அதன்பிறகு லூக்கா. உங்களுக்குச் சலிப்பாக இருக்கும் இந்த ஏற்பாடுதான் என் பாட்டிக்குக் கிடைத்த பெரிய சொத்து.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. நாற்பது வயது வரை லத்தீன் பூசையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவள். பூசை தமிழுக்கு வந்த பிறகு, விடிகாலையில் கோயிலில் கேட்ட சுவிசேஷத்தை நாள் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பாள். பொதுக்காலத்தின் மூன்றாம் வாரச் சனிக்கிழமை மாற்கு 4:35-41 வரும். இயேசு காற்றையும் கடலையும் அடக்கும் பகுதி. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பாட்டி முற்றத்தில் அருவாமணையைப் போட்டுச் சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்காமல் கேட்டாள்: “லேய், கூடப் போன மத்த வள்ளமெல்லாம் கரை சேந்துதா?”

எனக்கு விளங்கவில்லை. எந்த வள்ளம் என்று கேட்டேன். “சாமியார் வாசிச்சாருல்லா, வேற படகும் கூடப் போச்சுன்னு. அதுலயும் ஆளுவ இருந்திருப்பானுவல்லா. பொறவு அவனுவளப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே.”

நான் ஞானோபதேச வகுப்பில் படித்ததை ஒப்பித்தேன். இந்தப் பகுதியின் பாடம் விசுவாசம், ஆண்டவர் கூட இருந்தால் பயப்படக் கூடாது என்றேன். பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் மீனைப் பார்த்தாள். அன்று இரவு செபமாலை முடிந்ததும், “மத்த வள்ளங்களுக்காவ ஒரு பரலோக மந்திரம்” என்றாள். அடுத்த ஆண்டு அதே சனிக்கிழமை அதே கேள்வியைக் கேட்டாள், அதே மந்திரத்தைச் சொல்லச் சொன்னாள். கண்ணை மூடும்வரை இப்படித்தான்.

பிறகு நான் போய்ப் புரட்டிப் பார்த்தேன். ‘வேறு படகுகளும் அவருடன் சென்றன’ என்ற வரி மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. மத்தேயுவிலும் லூக்காவிலும் இல்லை. இயேசு தலையணை வைத்துத் தூங்கியதும் மாற்குவில் மட்டுமே. அவர் படுத்திருந்தது படகின் பிற்பகுதியில். எங்கள் ஊர் வள்ளத்தில் அது கடையால், துடுப்புக்காரன் நிற்கும் இடம். 1986-இல் கலிலேயக் கடலில் தண்ணீர் வற்றியபோது மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றுக்குள் ஒரு பழைய படகைக் கண்டெடுத்தார்கள். அது இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டியது. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல், அகலம் இரண்டேகால் மீட்டர் சொச்சம். அவ்வளவு சிறிய படகுக்குள் அலை ஏறும்போது ஒருவர் தூங்குகிறார் என்றால் எழுப்பப் போகிறவன் என்ன கத்து கத்தியிருப்பான் என்று யோசியுங்கள். மத்தேயுவில் சீடர்கள் ‘ஆண்டவரே, காப்பாற்றும்’ என்று மரியாதையாக வேண்டுகிறார்கள். மாற்குவில் இப்படி: ‘போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?’ கடவுளிடம் கேட்கக் கூடாத கேள்வி என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நற்செய்தியாளர் அழிக்காமல் விட்டுவைத்திருக்கிறார். மத்தேயுவில் இயேசு முதலில் ‘ஏன் அஞ்சுகிறீர்கள்’ என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து கடலை அடக்குகிறார். மாற்குவில் முதலில் காற்றை அடக்குகிறார், கேள்வி பிறகுதான் வருகிறது. பயந்தவனைக் கரையேற்றிவிட்டுப் பேசுகிறார்.

இதையெல்லாம் நீங்கள் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? ‘பாடம்’ என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபம் உண்டு. வாசித்த கையோடு பாடம் எங்கே என்று தேடுகிறவர் வாசிக்கவே இல்லை. மாம்பழத்தைக் கையில் கொடுத்தால் கொட்டையைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு சதையைத் தூர எறிகிற காரியம் அது.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். எங்கள் கன்னியாகுமரிக் கரை அதை மறக்காது. கடலில் இருந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகாத 2018 ஜனவரி 27 ஒரு சனிக்கிழமை, பொதுக்காலத்தின் மூன்றாம் வாரம். கோயிலில் மாற்கு 4:35-41 வாசித்தார்கள்.

பூசை முடிந்து ஒரு வீட்டுக்குப் போனேன். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாத வீடு. பெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் உறை கிடந்தது. உள்ளே ஆதார், மீனவர் அட்டை, ரேஷன் அட்டை, எல்லாவற்றுக்கும் நாலைந்து ஜெராக்ஸ். எந்த அலுவலகம் எதைக் கேட்கும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் என் போன் ஒலித்தது. அன்றைய நற்செய்திச் சிந்தனை. ‘உன் வாழ்க்கையில் வீசும் புயல் எது? இயேசு உன் படகில் இருந்தால் அது மூழ்காது.’ அனுப்பியவர் பக்தி உள்ளவர், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். ஆனால் அந்த வாசகத்தை அந்த முற்றத்தில் உரக்கப் படித்தால் என்ன பொருள் வரும்? ‘உன் புருஷன் படகில் இயேசு இல்லை’ என்றல்லவா வரும்? நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் பெண் தானாகவே பேசினார். “அண்ணே, இண்ணைக்கு வாசிச்சது ஒருக்கக்கூட வாசியுங்க.” அவர் வீட்டு விவிலியத்தை எடுத்து வாசித்தேன். ‘உமக்குக் கவலையில்லையா?’ என்ற இடம் வந்ததும், “போதும், அதோட நிறுத்துங்க” என்றார். நிறுத்தினேன். ‘இரையாதே, அமைதியாயிரு’ வரைக்கும் போகவில்லை. அவர் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்து அந்த ஒரு வரியையே மறுபடி சொன்னார், உமக்குக் கவலையில்லையா என்று. அழவில்லை. கேட்டார். நான் என் வாழ்நாளில் பக்கத்தில் இருந்து கேட்ட செபங்களில் அதைவிட உண்மையானது இல்லை. பாட்டி கேட்டதும் இதே கேள்விதான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

அம்மாவுக்காகச் செபிக்க வார்த்தை வரவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நேரம் வீணாகிறதோ என்ற கவலை நடுவில் உட்கார்ந்திருக்கிறது, இது வாசற்படிக்கு வெளியே நிற்கிறது. என்ன வரிசை இது? ஏழு மாதமாக இரவில் எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கிறவர், காலையில் விவிலியத்துக்கு முன்னால் மட்டும் நல்ல மாணவியாகக் கட்டம் போட்டு உட்கார வேண்டுமா? வார்த்தை வராவிட்டால் சீடர்களின் வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நாள் அது கோபமாக மட்டும் வந்தாலும் பரவாயில்லை.

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ‘பாடம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அன்றைய பகுதியில் உங்களுக்கு விளங்காத ஒன்றை மட்டும் கேள்வியாக எழுதுங்கள். யார் அந்தப் பையன், அவள் ஏன் திரும்பிப் போனாள், மீதி அப்பத்தை யார் தின்றது, எதுவானாலும் சரி. பதில் எழுத வேண்டாம். அடுத்த ஆண்டு அதே பகுதி வரும்போது பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அம்மா பேச்சு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே. உங்கள் வாசிப்பை அவர் கட்டிலருகே உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். கை அசைக்கிறாரா பாருங்கள். எழுதுங்கள்.

அன்புடன்.