ஓட்டல் மிச்சத்தைப் பன்றிக்குப் போடலாமா? வேகாத டிரம்முக்கும் தீவனத் தொட்டிக்கும் நடுவே ஒரு கோடு

கேள்வி: அணைக்கட்டு அருகே சொந்த நிலத்தில் 40 வெண்பன்றிகள் வளர்க்கிறேன். வேலூர் நகரில் பன்னிரண்டு ஓட்டல்கள், இரண்டு லாட்ஜ்கள், முகூர்த்த நாட்களில் ஒரு கல்யாண மண்டபம் ஆகியவற்றிலிருந்து மிச்ச உணவை டிரம்களில் எடுத்துவந்து போடுகிறேன். நாளுக்கு 300 கிலோ வரை வரும். வாடை தாங்கவில்லை என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்கள். வேகவைத்துத்தான் போட வேண்டும் என்கிறார் ஒருவர்; வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது? மிஞ்சுவதை எங்கே கொட்டுவது?

பதில்: வேகவைத்துப் போடுங்கள். வேகாமல் ஒரு கரண்டி கூடத் தொட்டியில் விழக்கூடாது. சத்து போய்விடும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ஓட்டலிலிருந்து வருவது ஏற்கெனவே வெந்த சோறும் குழம்பும்தான். மறுபடி கொதிக்கும்போது சில வைட்டமின்கள் குறையும். மாவுச்சத்தும் புரதமும் அங்கேயேதான் இருக்கும். குறைவதைத் தாது உப்புக் கலவையில் ஈடுகட்டிவிடலாம். இறந்த பன்றியை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் இது இந்தியாவில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் இதில் மடிந்தன. மனிதருக்கு இது தொற்றாது. பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது; நம் பண்ணைகளில் போடத் தடுப்பூசியும் இல்லை. கொட்டகையில் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். இதன் வைரஸ் உறைய வைத்த இறைச்சியிலும், உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் நோயுற்ற பன்றி வராத ஊருக்கும் நோய் வந்துவிடுகிறது. 1957-இல் லிஸ்பன் விமான நிலையத்தை ஒட்டிய பன்றிகளுக்கு விமானத்தில் மிஞ்சிய உணவைப் போட்டதில் போர்ச்சுகலுக்குள் நுழைந்தது. 2007-இல் ஜார்ஜியா நாட்டுக்குள் கப்பல் கழிவு வழியாக வந்ததாகவே கருதப்படுகிறது.

வேலூருக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் குடும்பத்தோடு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்கள் ஏராளம். நோயாளிக்கு ஊர்ச் சாப்பாடு வேண்டுமென்று வீட்டிலிருந்து உலர்ந்த இறைச்சியோ ஊறுகாயோ எடுத்துவந்தால் அதில் தப்பொன்றும் இல்லை. அவர்கள் யாருக்கும் தீங்கு நினைப்பவர்களும் இல்லை. ஆனால் அந்த அறையின் குப்பைக் கூடையில் விழுந்த ஒரு துண்டு மறுநாள் உங்கள் டிரம்மில் இருக்கும். ஓட்டல் சமையலறையில் என்ன வெந்தது என்று உங்களால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். லாட்ஜ் அறைக் கூடையைப் பற்றி யாரிடம் கேட்பீர்கள்? அந்த இரண்டு லாட்ஜ்களையும் இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். இறைச்சி சேராத கழிவைத் தனியாகத் தர இசையும் ஓட்டல்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

பன்றியோடு இது முடிவதில்லை. 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது அதன் தொடக்கம், வேகாத கழிவு உணவு போட்ட ஒரு பன்றிப் பண்ணையில் இருந்தது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அந்த ஆண்டே கழிவு உணவு போடுவதை அங்கே தடை செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் தடை செய்தது. கோமாரி வந்த பன்றி மூச்சுக்காற்றிலேயே ஏராளமாக வைரஸை வெளியிடும். உங்கள் மேல் மனு கொடுத்தவர்களின் கறவை மாடுகள் நாலு வரப்பு தள்ளித்தானே கட்டியிருக்கின்றன? அவர்களுடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம் ஜப்பானும் தென்கொரியாவும் முறையாகச் சூடாக்கிய கழிவைத் தீவனமாக அனுமதிக்கின்றன. நம் ஊருக்கு இந்த வழிதான் ஏற்றது என்பது என் கருத்து. முழுத் தடை போட்டால் டிரம் வண்டிகள் நின்றுவிடாது, இரவில் ஓடும். அப்போது யாருடைய கண்ணிலும் படாது.

இனி வேகவைக்கும் முறை. உலக விலங்குகள் சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இடைவிடாமல் கிளறியபடி 60 நிமிடம். அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் கொதிநிலையில் 30 நிமிடம் கேட்கிறது. நீங்கள் முழு ஒரு மணி நேரம் வையுங்கள். அடுப்பு மூட்டிய நேரத்தை இதில் சேர்க்கக்கூடாது. டிரம்மின் நடுவில் 90 டிகிரி வந்த பிறகே நேரம் கணக்கு. பண்ணைகளில் பெரும்பாலும் பிழை நடப்பது இங்கேதான். 200 லிட்டர் டிரம்மில் கெட்டியான சோற்றை விளிம்புவரை நிரப்பினால் அடியில் கருகும், ஓரத்தில் குமிழி வரும், நடுவில் கை வைக்கும் சூடுதான் இருக்கும். முக்கால் டிரம்மோடு நிறுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கஞ்சி பதத்துக்குத் தளர்த்துங்கள். நீளத் துடுப்பால் அடிவரை கிளறுங்கள். நீண்ட கம்பி வைத்த வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பார்த்த அளவையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஊராட்சியிலிருந்து யாராவது வந்து கேட்டால் முதலில் காட்ட வேண்டியது அந்த நோட்டுதான். பெரிய எலும்புகளை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். அவற்றின் உள்ளே சூடு எட்டுவது தாமதம். டயரையும் பிளாஸ்டிக்கையும் அடுப்பில் போட்டு எரிக்க வேண்டாம்.

ஆனால் ஒரு மணி நேரம் கொதித்ததை ஒரே நொடியில் கெடுத்துவிடலாம். நான் பார்த்த ஒரு பண்ணையில் வேகவைப்பதில் குறையே இல்லை. வெப்பமானி கூட வைத்திருந்தார்கள். வெந்த தீவனம் ஆறியதும், பையன் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடத்தால் மொண்டு தொட்டியில் ஊற்றினான். அந்தக் குடத்தின் கழுத்தில் காய்ந்த பிரியாணிச் சோறு நாலு பருக்கை ஒட்டியிருந்தது. காலையில் வண்டியிலிருந்து கழிவை இறக்கியதும் அதே குடம்தான்.

ஆகவே உங்கள் நிலத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே வண்டி, ஓட்டல் டிரம், பிரிக்கும் மேடை, அடுப்பின் வாய். கோட்டுக்கு உள்ளே வெந்த தீவனம், தொட்டி, பன்றி. வெளிப்பக்கத்துக் குடமும் கரண்டியும் சிவப்பு, உள்பக்கத்தது பச்சை என்று வண்ணம் பூசிவிட்டால் புதிதாக வேலைக்கு வருகிறவருக்கும் குழப்பம் இருக்காது. செருப்பும் இரண்டு ஜோடி. வண்டி எந்தக் காரணத்துக்காகவும் கொட்டகைக்குள் வரக்கூடாது. காலி டிரம்மை முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பிசுக்கோடு இருக்கும் டிரம்மில் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யாது. நாய், கோழி, காகம் மூன்றும் கோட்டைத் தாண்டும். பிரிக்கும் மேடைக்குக் கம்பி வலை போடுங்கள்.

கொதிக்கவைத்தால் தீராத கேடுகளும் உண்டு. பூஞ்சை பிடித்த ரொட்டியிலும் பருப்பிலும் இருக்கும் அஃப்ளாடாக்சின் நச்சு இந்தச் சூட்டுக்கு அழியாது. அதைத் தீவனத்தில் சேர்க்கவே கூடாது. கட்டுப்போட்ட சாம்பார் பொட்டலங்கள், ரப்பர் பேண்டு, பல் குச்சி எல்லாம் பன்றியின் வயிற்றில் உருண்டு கட்டியாகிவிடும். கையால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். பொரித்த எண்ணெயை வாங்காதீர்கள்.

கல்யாண மண்டபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பந்தி முடிந்ததும் ஊறுகாய், அப்பளம், வத்தல் மிச்சமெல்லாம் ஒரே டிரம்மில் வரும். அவ்வளவு உப்பு உள்ளே போய், குடிக்கத் தண்ணீரும் குறைந்தால் பன்றிகள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், வட்டமாகச் சுற்றும், நாய்போல் உட்கார்ந்து வலிப்பு வரும். பதறிப்போய்த் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்துவிடாதீர்கள். ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கி இறந்துவிடும். சிறிது சிறிதாகக் கொடுத்தபடி மருத்துவரை அழையுங்கள். முகூர்த்த மாதத்தில் வழியும், மார்கழியில் வற்றும் இந்த வரவை நம்பிப் பன்றி எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம். ஓட்டல் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர்தான். 300 கிலோவில் உலர்ந்த தீவனமாகத் தேறுவது 75 கிலோ. அதுவும் பெரும்பாலும் சோறு என்பதால் புரதம் போதாது. பிண்ணாக்கும் சாதாரண உப்பு சேராத தாதுக் கலவையும் சேர்த்தால்தான் எடை ஏறும்.

வாடை விஷயத்துக்கு வருகிறேன். அன்று வந்ததை அன்றே வேகவைத்து அன்றே தீர்த்துவிட்டால் பாதி வாடை நின்றுவிடும். மீதி, தொட்டியைச் சுற்றித் தேங்கும் தண்ணீரிலிருந்து வருகிறது. அந்தத் தேக்கத்தில் கொசுவும் வளரும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றியின் உடலில் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. வயலை ஒட்டிய பன்றிக் கொட்டகை அதற்குத் தோதான இடம். இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் முதன்முதலில் அறியப்பட்டது 1955-இல், இதே வட ஆற்காட்டு மண்ணில்தான். கழுவும் நீரை மூடிய உறிஞ்சு குழிக்கு விடுங்கள். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நாடாப்புழுவைச் சொல்லி உங்களை யாராவது குறை கூறினால், அது உணவுக் கழிவில் வருவதல்ல, திறந்தவெளியில் மனித மலத்தைத் தின்னும் பன்றிக்கு வருவது என்று விளக்குங்கள். பன்றிகளை அடைத்தே வளர்ப்பதாக நீங்கள் உறுதி கொடுத்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். பண்ணைக்கு ஊராட்சி அனுமதி இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

மிஞ்சியதைக் கானாற்றிலோ ஏரிக்கரையிலோ கொட்டாதீர்கள். அணைக்கட்டுப் பக்கம் சவ்வாது மலைக் காட்டுப்பன்றிகள் இறங்கி வரும் இடம். நீங்கள் கொட்டிய வேகாத இறைச்சியை அவை தின்று நோய் மலையேறிவிட்டால் பிறகு யாராலும் இறக்க முடியாது. கம்பி வலை போட்ட குழியில், ஒரு அடுக்குக் கழிவுக்கு ஒரு அடுக்குச் சருகும் தென்னைநார்க் கழிவும் போட்டு உரமாக்குங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். இடமும் பணமும் இருந்தால் சாண எரிவாயுக் கலன் நல்லது. பன்றிச் சாணமும் காய்கறிக் கழிவும் அதற்குப் போகும், வேகவைக்கும் விறகிலும் மிச்சம் பிடிக்கலாம். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் மட்கும் கழிவைத் தனியே பிரிக்கும் பொறுப்பை ஓட்டல்கள் மீதே வைத்தன. பிளாஸ்டிக் கலந்த டிரம்மைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கடும் காய்ச்சல், காதும் வயிறும் செந்நீலமாகக் கறுத்தல், ஒன்றன்பின் ஒன்றாகச் சாவு என்று கண்டால் அன்றே கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிலோ சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அது உரிமையாளரின் கடமை. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது. மருத்துவர் வரும்வரை எந்தப் பன்றியையும் விற்கவோ அறுக்கவோ இடம் மாற்றவோ கூடாது. இறந்ததை வயிறு கிழித்துப் பார்க்கவும் கூடாது. மருத்துவர் சொன்ன இடத்தில், கிணற்றிலிருந்து தள்ளி, நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டி, உடலின் கீழும் மேலும் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். குழி வெட்டிய மண்வெட்டியையும் அன்று போட்டிருந்த செருப்பையும் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.