பேரக்குழந்தையுடன் கேம்பர் டிரெய்லரில் போகும்போது, பழகிய நண்பர்களிடம் விடைபெற்றுக் கிளம்பும் நாளை எப்படிச் சமாளிப்பது?

கேட்டிருப்பவர்கள் அமெரிக்காவில் இருக்கும் தாத்தா பாட்டி. கோடை விடுமுறையில் 7 வயதுப் பேத்தியை டிரெய்லரில், அதாவது பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீட்டில், அழைத்துப் போகிறார்கள். ஒரு கேம்ப்கிரவுண்டில் பத்து நாள் தங்கினால் அவளுக்கும் இவர்களுக்கும் நல்ல சிநேகிதம் கிடைத்துவிடுகிறது. கிளம்பும் காலையில் அவள் அழுகிறாள், இவர்கள் எதையாவது மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே காரணம்தான்: விடைபெறுவதும் வண்டி மாட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. விடைபெறுவதைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலையே முடித்துவிடுங்கள். காலையில் வண்டி வேலை மட்டும் இருக்கட்டும்.

டிரெய்லர் மாட்டுவது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வேலை. சங்கிலியை மாட்டி முடித்து பிரேக்அவே கேபிளை (டிரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைத் தானாகப் போட வைப்பது) கையில் எடுக்கும் நேரத்தில் பக்கத்து சைட்டில், அதாவது பக்கத்து டிரெய்லர் இடத்தில், தங்கியிருப்பவர் கைகுலுக்க வருவார். பேசிவிட்டுத் திரும்பும்போது கேபிளை மாட்டிவிட்டதாகவே மனது நினைத்துக்கொள்ளும். இப்படித்தான் கப்ளர் (வண்டியோடு இணையும் டிரெய்லரின் முன்முனை) பின், 7 முனை மின்பிளக், கூரை ஜன்னல், டிவி ஆன்டெனா, வாசல் படி எல்லாம் விடுபடுகின்றன. ஆன்டெனா போனால் பணச் செலவோடு போயிற்று. பிளக் விட்டுப்போனால் டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது. இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, பிள்ளைகள் கடைசி விளையாட்டாக வண்டியைச் சுற்றி ஓடுவது. பிக்கப் ரிவர்ஸில் வரும்போது பின்னால் நிற்கும் 7 வயதுப் பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது.

முந்தைய நாள் மாலையில் தொடங்குவோம். நாற்காலி, தரைவிரிப்பு, சைக்கிள், வெளி அடுப்பு எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். ஆனிங்கை (டிரெய்லரின் பக்கவாட்டில் விரிக்கும் துணிக் கூரை) ஈரமாகச் சுருட்ட நேர்ந்தால் அடுத்த ஊரில் மறக்காமல் விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். இரவல் வாங்கியதை அன்றே திருப்பிக் கொடுங்கள். டிரெய்லரைச் சமமாக நிறுத்த வைக்கும் லெவலிங் பிளாக், 30 ஆம்ப்புக்கும் 50 ஆம்ப்புக்கும் நடுவே போடும் அடாப்டர், கழிவுக் குழாயின் இணைப்பு ஆகியவைதான் வழக்கமாக மாறிப்போகும் சாமான்கள். யாராவது சாப்பாடு கொடுத்த பாத்திரம் இருந்தால் நம் வழக்கப்படி வெறும் பாத்திரமாகத் தராமல் ஏதாவது போட்டுக் கொடுங்கள். பேத்தி கையால் கொடுக்க வைத்தால் அவள் விடைபெறுவதும் அங்கேயே இயல்பாகத் தொடங்கிவிடும்.

கேம்ப்ஃபயரைச் சுற்றி உட்கார்ந்து விடைபெறுவதுதான் நல்லது. விறகை அந்தப் பகுதியிலேயே வாங்குங்கள். எமரால்ட் ஆஷ் போரர் போன்ற மரம் துளைக்கும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்து பரவுவதால், வெளியூர் விறகைக் கொண்டுவரப் பல மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. தேசியப் பூங்காக்களில் பொதுவாக இரவு 10 மணிக்கு அமைதி நேரம் தொடங்கும். 8 மணிக்கே ஆரம்பித்தால்தான் பிள்ளைகளுக்குப் போதுமான நேரம் கிடைக்கும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பாருங்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு காலைவரை உயிரோடு இருக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை மிதிப்பது அதைத்தான்.

பேத்தியைத் தயார்ப்படுத்துவது இன்னும் முன்பே தொடங்க வேண்டும். பிள்ளைகள் சேர்ந்து விளையாடத் தொடங்கிய முதல் நாளே அவர்களின் பெற்றோரிடம் எப்போது கிளம்புகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். சிநேகிதியின் டிரெய்லர் இருந்த இடம் காலையில் காலியாக இருப்பதைப் பார்ப்பது, நாமே கிளம்புவதைவிட அதிகமாக வலிக்கும். 7 வயதுப் பிள்ளையிடம் இரண்டு நாள் முன்பு சொன்னால் போதும். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாள் கணக்குப் புரியாது, கிளம்புவதற்கு முந்தைய நாள் சொல்லுங்கள். அழும்போது “வேற ஃபிரெண்ட் கிடைப்பாங்க” என்று சொல்லாதீர்கள். அவளுக்கு வேண்டியது இந்தச் சிநேகிதி. “அடுத்த வருஷம் இங்கேயே பார்க்கலாம்” என்பதையும் உறுதியில்லாமல் சொல்லக் கூடாது. உண்மையாகவே மறுபடி சந்திக்க விருப்பம் என்றால் இரண்டு குடும்பமும் அன்று மாலையே அடுத்தடுத்த இரண்டு சைட் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்கா முகாம்களில் பலவற்றுக்கு 6 மாதத்துக்கு முன் முன்பதிவு திறக்கும். பிரபலமான இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால், திறக்கும் தேதியையும் நேரத்தையும் இருவரும் ஃபோனில் பதிந்துவைத்தால்தான் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும்.

பிரிவுப் பரிசாக அங்கே பொறுக்கிய கல், பைன் காய், இறகு எதையும் கொடுக்க விடாதீர்கள். தேசியப் பூங்காவிலிருந்து இவற்றை எடுத்துப்போவது சட்டப்படி குற்றம். அவள் வரைந்த படம், நூல் பின்னிய கைக்கயிறு, முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய வெற்று அஞ்சலட்டை, இவையே போதும். பூங்காக்களில் பிள்ளைகளுக்குத் தரும் ஜூனியர் ரேஞ்சர் பயிற்சிப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து செய்திருந்தால் பேட்ஜ் வாங்குவதைக் கடைசிக் காலைக்கு வைக்காதீர்கள். முந்தைய நாள் விசிட்டர் சென்டர் மூடுவதற்குள் இருவரும் ரேஞ்சர் முன்னால் உறுதிமொழி சொல்லிவிட்டால், அதுவே பிரிவுக்கு நல்ல நிறைவாக அமையும்.

முகவரியும் ஃபோன் எண்ணும் பெரியவர்களுக்குள் மட்டும் மாறட்டும். பேத்தியின் வீட்டு முகவரியைக் கொடுக்குமுன் உங்கள் மகனையோ மகளையோ ஒரு வார்த்தை கேளுங்கள், முடிவு அவர்களுடையது. அடுத்தவர் பிள்ளையின் படத்தை எடுப்பதற்கும் அப்படியே. அனுமதி கிடைத்தாலும் பொதுவெளியில் போட வேண்டாம்.

இனி காலை வேலை. செக்அவுட் பெரும்பாலும் 11 அல்லது 12 மணிக்கு. 9 மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொண்டால் நிதானம் இருக்கும். டயர் காற்றை வெயில் ஏறுமுன், ஓட்டுமுன் பாருங்கள். டிரெய்லர் டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட உச்ச அளவு குளிர்ந்த டயருக்கானது. ஒருவர் மாட்டும் வேலை, மற்றவர் பேத்தி. அவளும் பாட்டியும் ஓட்டுநர் இருக்கைப் பக்கமாக, கண்ணாடியில் தெரியும்படி, 30 அடி தள்ளி மேசையில் உட்காரட்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது அவர்கள் கண்ணிலிருந்து மறைந்தால் உடனே நிறுத்துவது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தனியாக அழைத்துப் போகிறவர், ரிவர்ஸ் எடுக்கும் நேரம் மட்டும் பிள்ளையை சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, வண்டியை அணைத்ததும் இறக்கிவிடலாம். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் ஐந்து நிமிடம்கூட விடக் கூடாது.

சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கப்ளரில் பொறித்த அளவும், அது உட்காரும் ஹிட்ச் உருண்டையின் (வண்டியின் பின்னால் இருக்கும் இணைப்புக் குண்டு) அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 5/16 அங்குலக் கப்ளர் 2 அங்குல உருண்டையிலும் உட்காரும், மூடவும் செய்யும், முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். கப்ளரை இறக்கி, பூட்டி, பின் போட்டதும் நாக்கு (டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் சட்டம்) ஜாக்கை மறுபடி ஓரிரு அங்குலம் மேலே ஏற்றுங்கள். வண்டியின் பின்பக்கம் சேர்ந்து உயர்ந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கப்ளர் மட்டும் மேலே வந்தால் முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்தச் சோதனையை விடவே கூடாது. சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினால், நாக்கு கழன்றாலும் தரையில் விழாமல் அவை தாங்கிக்கொள்ளும். பிரேக்அவே கேபிளை ரிசீவரிலோ (ஹிட்ச் செருகும் சதுரக் குழல்) வண்டிச் சட்டத்திலோ தனியாக மாட்டுங்கள். சங்கிலிக் கொக்கியில் மாட்டினால் கொக்கி கழலும்போது கேபிளும் சேர்ந்து போய்விடும், டிரெய்லர் தானாக நிற்காது. எடையைப் பகிர்ந்தளிக்கும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் பார்கள், மின்பிளக், விளக்குச் சோதனை, டிரெய்லர் ஆடாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கால்களை மடிப்பது ஆகியவற்றுக்குப் பிறகு, கடைசியாகக் கட்டைகளை எடுங்கள்.

கரண்ட்டில் முதலில் பெடஸ்டலில் (சைட்டில் உள்ள மின்கம்பப் பெட்டி) பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிறகு பிளக்கைப் பிடுங்க வேண்டும். தண்ணீர்க் குழாயை எடுக்கும்போது பிரஷர் ரெகுலேட்டரை (தண்ணீர் அழுத்தத்தைக் குறைப்பது) முகாமின் குழாய் முனையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். கேஸ் சிலிண்டர் வால்வுகளை மூடிவிட்டு ஓட்டுவது பாதுகாப்பு. சில சுரங்கப்பாதைகளில் சிலிண்டரோடு நுழையவே அனுமதி இல்லை. பால்டிமோரின் இரண்டு துறைமுகச் சுரங்கங்களும் அப்படி. முன்பு மாற்று வழியாக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டதால், 695 வட்டச்சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

எடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பேரக்குழந்தை வந்தால் சாமான் கூடும். நாக்கு எடை (நாக்கு வண்டியின் ஹிட்ச்மேல் அழுத்தும் எடை) டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 5,000 பவுண்டு டிரெய்லருக்கு 500 முதல் 750 பவுண்டு. சைக்கிள்களைப் பின் பம்பரில் கட்டினால் நாக்கு எடை குறைந்து டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் வண்டி பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கையும் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, வண்டிக்குள் இருக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரில் உள்ள கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கொடுங்கள். வண்டி தாங்கும் எடை ஓட்டுநர் கதவுச் சட்டத்தின் ஸ்டிக்கரில் இருக்கும். அது 1,400 பவுண்டு என்றால், பெரியவர்கள் இருவர் 300, பிள்ளையும் சீட்டும் 75, நாக்கு எடை 650, ஹிட்ச் 100 போக மிஞ்சுவது 275 மட்டுமே. தண்ணீர் ஒரு காலனுக்கு 8.3 பவுண்டுக்கு மேல் என்பதால் 30 காலன் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஓட்டத் தேவையில்லை.

கழிவுத் தொட்டிகளைக் காலிசெய்யும் டம்ப் ஸ்டேஷனில் பேத்தி இறங்க வேண்டாம். கையுறை போட்டு, முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு சோப்பு நீர்த் தொட்டி. இரண்டாவது தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். தங்கியிருக்கும்போது கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் நீர் ஓடிப்போய்க் கெட்டியானது மட்டும் அடியில் குவிந்து இறுகிவிடும். மூடிவைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தபின் திறப்பதே சரி. அங்கே கழுவுவதற்கென்று இருக்கும் குழாயில் பிள்ளைகள் பாட்டில் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது குடிநீர் இல்லை.

கிளம்பி 10, 15 மைலில் ஒருமுறை நிறுத்தி கப்ளர், சங்கிலி, சக்கர நட்டு பாருங்கள். நான்கு சக்கர ஹப்களின் (சக்கர நடுப்பகுதி) அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் பேரிங் அல்லது உரசும் பிரேக்தான் காரணம். டிரெய்லர் டயர்கள் பல 65 மைல் வேகத்துக்கே செய்யப்பட்டவை. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் உச்சவரம்பே 55 மைல். பிள்ளை இருந்தால் ஒரு நாளைக்கு 200 மைல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் போதும். அழுது களைத்தவள் தூங்கட்டும் என்று ஓடும் டிரெய்லரில் படுக்க விடாதீர்கள். அங்கே பெல்ட் கிடையாது, பல மாநிலங்களில் சட்டமும் இடம் தராது. உயரம் 4 அடி 9 அங்குலம் வரும்வரை பூஸ்டர் சீட்டில் பெல்ட்டோடு உட்கார்வதே சரி. டிரெய்லரில் தூங்கும்போது மேல் பங்க் படுக்கை 6 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். அவசர ஜன்னலின் சிவப்புக் கைப்பிடியை எப்படித் தூக்குவது என்று முதல் இரவே செய்துகாட்டுங்கள். கேஸ் கசிவு அலாரம் தரையை ஒட்டி இருக்கும், அவள் பையை அதன் முன்னால் வைத்துவிடாமல் பாருங்கள்.

பெற்றோர் கையெழுத்திட்டு நோட்டரி செய்த பயண அனுமதிக் கடிதமும் மருத்துவ அனுமதிக் கடிதமும், காப்பீட்டு அட்டை நகலும் கையில் இருக்கட்டும். கனடா எல்லையில் அனுமதிக் கடிதத்தைக் கேட்பார்கள் என்றே எண்ணிப் போங்கள். 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் தேசியப் பூங்கா நுழைவுக்கான சீனியர் பாஸ் ஆயுளுக்கும் 80 டாலர்தான். பல மத்திய அரசு முகாம்களில் வாடகையும் பாதியாகும்.

அடுத்த ஊரில் டிரெய்லரை நிறுத்திய அன்றே சிநேகிதிக்கு ஒரு அஞ்சலட்டை எழுத வையுங்கள். ஃபாரெவர் ஸ்டாம்ப் ஒட்டினால் விலை ஏறினாலும் செல்லும். பூங்காக்களுக்குள் சிக்னல் கிடைப்பது அரிது என்பதால் வீடியோ காலுக்கு நாள் குறித்துக் கொடுத்து ஏமாற விடாதீர்கள். பயணம் முடிந்து பேத்தியை வீட்டில் விடும்போது, சிநேகிதர்களின் பெயர், ஊர், முகவரி எழுதிய தாளை அவள் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஃபோனில் மட்டும் அது இருந்தால், பள்ளி திறந்தபின் அவள் கடிதம் எழுத உட்காரும்போது அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.