பழைய பாயிண்ட் புல்லட்டை வாங்கி நானே ரிப்பேர் பார்க்க முடியுமா? தண்டையார்பேட்டையில் இருக்கிறேன்.

தாராளமா முடியும். பாயிண்ட்னா மூடித் திறந்து ஸ்பார்க்கை வரவைக்குற சின்ன சுவிட்ச், அது இருக்குற பழைய மாடல்தான் பாயிண்ட் புல்லட். திருவொற்றியூர்லயே தயாரான வண்டி அது. என்ஃபீல்டு இந்தியா கம்பெனி 1955ல ஆரம்பிச்சது. எங்க ஏரியால அதைப் பிரிச்சுப் பார்த்தே வளர்ந்தவங்க நிறையப் பேர். நானும் அதுல ஒருத்தன்.

முதல்ல ஆர்.சி.யைப் பாருங்க. 15 வருஷம் முடிஞ்ச வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கணும், அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிப்பாங்க. பேப்பர் சரியில்லாத வண்டி எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம்.

வண்டி கிளம்பலைன்னா உடனே கார்புரேட்டரைக் கழட்டாதீங்க. சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷன் லீவரை (இன்ஜினுக்குள்ள இருக்குற அழுத்தத்தை விடுற லீவர்) பிடிச்சுக்கிட்டு கிக்கரை மெதுவா அழுத்துங்க. ஆம்மீட்டர் (கரண்ட் ஓடுறதைக் காட்டுற மீட்டர்) முள் இடப்பக்கம் சாய்ஞ்சு, திரும்ப நடுவுக்கு வரணும். பாயிண்ட் மூடித் திறக்குறதைத்தான் அந்த முள் காட்டுது. அசையவே இல்லைன்னா பேட்டரி, வயர், பாயிண்ட் இந்த மூணுல ஒண்ணு. பாயிண்ட் முகத்தை உப்புத்தாளால துடைச்சு, முழுசாத் திறந்த நிலைல இடைவெளியை ஃபீலர் கேஜால (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) 0.35லேர்ந்து 0.40 மி.மீ.க்குள்ள வைங்க.

வால்வு இடைவெளியைச் சரிபண்ற டேப்பட்டை இன்ஜின் ஆறினப்புறம்தான் தொடணும். வால்வைத் திறக்கத் தள்ளுற கம்பியான புஷ்ராடு விரல்ல சுத்தணும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

காசிமேடு பக்கம் நிறுத்துற வண்டின்னா எர்த் வயரை அடிக்கடி பாருங்க. கடல் காத்துல முனை பச்சை பூத்துடும். சுரண்டி கிரீஸ் தடவுங்க. பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டை. பழைய பார்ட்டைக் கையோட கொண்டுபோங்க.